பிராண்டன் சாண்டர்சனின் எழுத்து வகுப்பு: எதை எடுத்துக்கொள்ளலாம், எங்கே கவனம் வேண்டும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், அறிவியல் புனைவும், மாயமும் கற்பனை உலகங்களும் கொண்ட ஃபேண்டஸி கதைகளும் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று நடக்கிறது. நடத்துபவர் இன்று உலகில் அதிகம் விற்கும் ஃபேண்டஸி நாவலாசிரியர்களில் ஒருவரான பிராண்டன் சாண்டர்சன். மாணவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கும் அந்த வகுப்பின் உரைகளை 2020இல் படம்பிடித்துத் தன் யூடியூப் பக்கத்தில் அப்படியே போட்டுவிட்டார். மொத்தம் 13 உரைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். 2025இல் புதிதாக இன்னொரு தொகுப்பும் வந்தது. இரண்டுமே இலவசம். இந்த மதிப்பீடு பெரும்பாலும் 2020 தொகுப்பைப் பற்றியது. நாவல் எழுத நினைக்கும் பலரும் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

இந்த வகுப்பின் தரத்தை அறிய அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1975இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் பிறந்தவர். கல்லூரியில் முதலில் எடுத்தது உயிர்வேதியியல், பிறகு ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். ஹோட்டல் வரவேற்பறையில் இரவுப் பணி பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் எழுதலாம் என்பதே காரணம். முதல் புத்தகம் விலைபோவதற்குள் பன்னிரண்டு நாவல்களுக்கு மேல் எழுதி முடித்திருந்தார். 2003இல் டோர் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் மோஷே ஃபெடர் வாங்க முன்வந்த 'எலாண்ட்ரிஸ்' அவர் எழுதிய ஆறாவது நாவல். அனுப்பி ஒன்றரை ஆண்டு கழித்துப் பதில் வந்தபோது அவர் பதின்மூன்றாவதில் இருந்தார். 'எலாண்ட்ரிஸ்' 2005இல் அச்சானது, அடுத்த ஆண்டு 'மிஸ்ட்பார்ன்' வரிசையின் முதல் நாவல். 2007 செப்டம்பரில் இன்னொரு ஃபேண்டஸி எழுத்தாளரான ராபர்ட் ஜோர்டன் இறந்தபோது சாண்டர்சன் எழுதிய அஞ்சலியைப் படித்த ஜோர்டனின் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பாதியில் நின்ற 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையை முடிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். ஒரே நூலாகத் திட்டமிட்டது மூன்றாக வளர்ந்து 2013 ஜனவரியில் முடிந்தது.

அந்தப் பன்னிரண்டு கைப்பிரதிகள்தாம் இந்த வகுப்பின் அடித்தளம். உன் கதைகள் மிக நீளம், இன்னும் கொஞ்சம் இருண்டதாக, கரடுமுரடாக எழுது என்று பதிப்புலகம் சொன்னபோது அப்படியும் எழுதிப் பார்த்து, அவை தன்னுடைய மோசமான நாவல்களாக முடிந்தன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகுதான் யாருக்கும் விலைபோகாவிட்டாலும் பரவாயில்லை என்று தனக்குப் பிடித்த பிரம்மாண்டமான கதையில் இறங்கினார். முதல் உரையில் அவர் மாணவர்களிடம் சொல்வதும் இதன் தொடர்ச்சியே: எழுதி முடித்த புத்தகத்தைவிட, அதை எழுதியதால் மாறிய நீங்கள்தான் உண்மையான விளைபொருள். வாரக் கடைசியில் பந்து விளையாடுகிறவரைப் பார்த்து எப்போது தேசிய அணியில் சேரப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, எழுதுகிறவரை மட்டும் ஏன் எப்போது விற்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள் என்ற வாதம் அதே உரையில் வருகிறது. வெறும் ஊக்க உரை என்று இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பின்னால் வரும் நுட்பங்கள் எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட நாவல் எழுதப்போகிறவரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. ஒரே நாவலை ஆயுள் முழுக்கச் செதுக்க நினைப்பவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது.

இரண்டாம், மூன்றாம் உரைகள் கதையமைப்பு பற்றியவை. தொகுப்பில் நேரடியாகக் கைக்கு உதவும் பகுதி இதுதான். வாக்குறுதி, முன்னேற்றம், நிறைவேற்றம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். நாவலின் தொடக்கப் பக்கங்கள், தெரிந்தோ தெரியாமலோ, இது எந்த வகைக் கதை, இதன் தொனி என்ன, இந்த மனிதர் எதை நோக்கி மாறப்போகிறார் என்று வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிடுகின்றன. நகைச்சுவையாகத் தொடங்கி முந்நூறாம் பக்கத்தில் படுகொலைக்கு வந்தால், படுகொலை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வாசகர் ஏமாந்ததாகவே உணர்வார். நடுப்பகுதி தொய்கிறது என்ற வழக்கமான புகாருக்கு அவர் சொல்லும் காரணம் கூர்மையானது: சம்பவங்கள் நடந்துகொண்டிருக்கும், ஆனால் கொடுத்த வாக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று வாசகருக்குத் தெரிவதில்லை. மைல்கல் இல்லாத சாலையில் வண்டி ஓடினாலும் ஓடாதது போலத்தான் இருக்கும்.

அவர் காட்டும் செய்முறை பின்னாலிருந்து தொடங்குகிறது. முதலில் முடிவை எழுத வேண்டும். உதாரணமாக, இரண்டு எதிரிகள் கடைசியில் ஒருவரை ஒருவர் முழுதாக நம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நம்பிக்கை வாசகருக்கு நியாயமாகப் பட என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று அதன் கீழே ஏழெட்டு வரிகளாக எழுதிக்கொள்ளலாம்: ஒருவர் மற்றவரின் திறமையை வாய்விட்டு ஒப்புக்கொள்வது, ஒரு ரகசியம் காப்பாற்றப்படுவது, ஒருமுறை நம்பிக்கை உடைவது, அதற்கு விலை கொடுப்பது. மர்மத்துக்கு ஒரு பட்டியல், பயணத்துக்கு ஒன்று, நாயகனின் மனமாற்றத்துக்கு ஒன்று என்று இதேபோல் தனித்தனியே. எழுதும்போது ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இரண்டு மூன்று பட்டியல்களிலிருந்து ஒவ்வொரு வரி எடுத்துச் சேர்க்க வேண்டும். ஒரே பட்டியலிலிருந்து தொடர்ந்து எடுத்தால் மற்ற கிளைகளை வாசகர் மறந்துவிடுவார். ஒரு அத்தியாயத்துக்கு எந்தப் பட்டியலிலிருந்தும் எடுக்க வரி கிடைக்கவில்லை என்றால் அந்த அத்தியாயமே வேண்டாம் என்று பொருள். இந்தச் சோதனை ஒன்றுக்காகவே இந்த இரண்டு உரைகளையும் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாண்டர்சன் கதையைத் திட்டமிட்டுவிட்டுப் பாத்திரங்களை எழுதிக்கொண்டே கண்டுபிடிப்பவர். போகிற போக்கில் கதையைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு என்பதை மதித்துச் சொல்கிறார், ஆனால் அவர்களுக்கு அவரிடம் கருவிகள் குறைவு. அப்படிப்பட்டவர்கள் முதல் வரைவைத் திட்டமில்லாமல் முடித்துவிட்டு, இரண்டாம் வரைவுக்கு இந்தப் பட்டியல் முறையைப் பயன்படுத்தலாம். முதல் வரைவிலேயே திணித்தால் எழுதும் ஆசை வற்றிப்போகும்.

ஐந்து, ஆறு, எட்டு ஆகிய உரைகள் கற்பனை உலகைக் கட்டுவது பற்றியவை. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட மாய விதிகள் இங்கே வருகின்றன. முதல் விதியைத்தான் பலரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மாயத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் திருப்தியாகத் தீர்க்கும் எழுத்தாளரின் திறன், அந்த மாயத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதே அந்த விதி. எல்லா மாயத்தையும் விளக்கியே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மாயம் சிக்கலை உண்டாக்கினால், அச்சத்தையும் வியப்பையும் தந்தால், விளக்கம் தேவையே இல்லை. தீர்க்கும் இடத்தில் மட்டும்தான் கணக்கு நேராக வேண்டும். இதை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்திலேயே மாய வகைகளை அட்டவணை போட்டு விளக்கும் கைப்பிரதிகள், விதியைப் பின்பற்றியதாக நினைத்துக்கொண்டே வாசகரை இழக்கின்றன.

இரண்டாம் விதி: சக்தியைவிட அதன் வரம்பும் பலவீனமும் விலையுமே சுவாரசியம். 'மிஸ்ட்பார்ன்' நாவலில் உலோகத்தை விழுங்கி அதை உடலுக்குள் 'எரிப்பவர்கள்' வருகிறார்கள். எஃகை எரிப்பவர் அருகிலுள்ள உலோகத்தை மனத்தால் தள்ளலாம், ஆனால் தன்னை விட்டு வெளிப்புறமாக மட்டுமே. நாணயத்தைத் தள்ளினால் இலேசான பொருளானதால் அது தோட்டாவைப் போலப் பறக்கும். தரையில் ஊன்றிய இரும்புத் தூணைத் தள்ளினால் தூண் நகராது, தள்ளியவர்தான் பின்னால் எறியப்படுவார். இந்த ஒரு வரம்பிலிருந்தே அந்த நாவலின் சண்டைகள், கூரைக்குக் கூரை தாவும் பயணம், நாணயப் பையைச் சுமக்கும் பழக்கம் எல்லாம் பிறக்கின்றன. புதிய சக்தியைச் சேர்க்கும் முன் ஏற்கெனவே உள்ளதை விரிக்க வேண்டும் என்ற மூன்றாம் விதிக்கும் இதுவே எடுத்துக்காட்டு. நடைமுறையில் இப்படிச் செய்து பார்க்கலாம்: உச்சக் காட்சியில் பயன்படப்போகும் மாயத்தின் வரம்பை அதற்கு முன்பே இரண்டு முறையாவது காட்சியாகக் காட்ட வேண்டும், அதில் ஒருமுறையாவது அது தோற்க வேண்டும். பாத்திரம் வாயால் விளக்குவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உலகைக் கட்டுவதிலேயே ஆண்டுகள் போய், கதை ஒரு வரிகூட நகராத நிலை உண்டு. அதை ஒரு நோயாகவே அவர் பேசுகிறார். பனிப்பாறையின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கும் என்பார்கள், எழுத்தாளர் அந்த ஒன்பது பங்கையும் செதுக்கத் தேவையில்லை, உள்ளே வெற்றாக இருந்தாலும் அது முழுதாக இருப்பதாக வாசகர் நம்பினால் போதும் என்கிறார். நிலம், வானிலை, உயிரினம் ஒருபுறம், சமயம், வணிகம், மொழி, ஆட்சி மறுபுறம் என்று பிரித்து, கதையின் மோதலோடு தொடர்புள்ள இரண்டு மூன்றில் மட்டும் ஆழமாக இறங்கச் சொல்வது நல்ல யோசனை.

பாத்திரப் படைப்பு உரைகளில் மூன்று அளவுகோல்கள் வருகின்றன: வாசகருக்கு எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு திறமைசாலி, எவ்வளவு தானாக முன்வந்து செயல்படுகிறார். மூன்றும் உச்சத்தில் இருந்தால் பாத்திரம் தட்டையாகிவிடும், மூன்றும் அடியில் இருந்தால் பின்தொடர ஆளிருக்காது. வில்லன்கள் பெரும்பாலும் திறமையிலும் முனைப்பிலும் உயர்ந்திருப்பதால்தான் நாயகனைவிட அதிகம் ஈர்க்கிறார்கள். தொடக்கத்தில் ஒன்று உயரத்தில் இருக்கட்டும், கதையின் போக்கில் மற்றொன்று ஏறட்டும். சொந்தக் கைப்பிரதியைச் சோதிக்க முதல் ஐம்பது பக்கத்தை எடுத்து, நாயகர் தானாக எடுத்த முடிவுகளை எண்ணிப் பார்க்கலாம். எல்லாமே மற்றவர் செய்ததற்கு எதிர்வினையாக இருந்தால் சிக்கல் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

நான்காம் உரை பார்வைக்கோணம் பற்றியது. தமிழில் எழுதுகிறவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, இங்கே நமக்கு அதிக வசதியும் அதிக ஆபத்தும் உண்டு. ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள்ளிருந்து படர்க்கையில் எழுதும்போது, யாரை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் தனியாகச் சொற்கள் தேட வேண்டும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்காரியின் பார்வையில் 'அமைச்சர் வந்தார்', அரசியின் பார்வையில் அதே ஆள் 'வந்தான்'. டிராகன் ஒன்று 'வந்தது' என்று இருபது அத்தியாயம் எழுதிவிட்டு ஓரிடத்தில் 'வந்தான்' என்று மாற்றினால், அதை ஓர் ஆளாக நாயகி ஏற்றுக்கொண்ட கணம் ஒரு விளக்கமும் இல்லாமல் பதிவாகிவிடும். ஆபத்து எங்கே என்றால், கவனக்குறைவாக 'ஆன்' விகுதியும் 'ஆர்' விகுதியும் மாறி மாறி வந்தால் கோணம் சிதறும். முகமூடி அணிந்தவர் ஆணா பெண்ணா என்று மறைக்க வேண்டிய காட்சியில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்தும் ரகசியத்தை உடைக்கப் பார்க்கும். 'உருவம்' போன்ற அஃறிணைச் சொல்லை எழுவாயாக வைப்பதோ, 'ஆர்' விகுதியைத் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் சீராகப் பயன்படுத்துவதோ வழி. பாதியில் ஆரம்பித்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

ஏழாம் உரையை அமெரிக்க எழுத்தாளர் மேரி ராபினெட் கோவால் நடத்துகிறார். சிறுகதை பற்றியது, தொகுப்பிலேயே மிகக் கச்சிதமான ஒரு மணி நேரம். கதைகளில் நான்கு வகை இழைகள் என்கிறார்: ஓர் இடத்துக்குள் நுழைந்து வெளியேறுவது, கேள்வியில் தொடங்கிப் பதிலில் முடிவது, தன்னைப் பற்றிய அதிருப்தியில் தொடங்கிப் புதிய தெளிவில் முடிவது, நிலைகுலைவில் தொடங்கி ஒரு நிலைக்கு வருவது. இழைகளைத் திறந்த வரிசைக்கு நேர்மாறாக மூட வேண்டும். கடைசியாகத் திறந்த கதவை முதலில் சாத்த வேண்டும். கேள்வியில் தொடங்கிய கதை வேறொன்றை முடித்துவிட்டுக் கேள்வியை மறந்தால், முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏதோ குறைவதாகத் தோன்றுவது இதனால்தான்.

நீளத்தை முன்கூட்டியே கணிக்க அவர் ஒரு சூத்திரமும் வைத்திருக்கிறார். பாத்திரங்களின் எண்ணிக்கையையும் இடங்களின் எண்ணிக்கையையும் கூட்டி 750ஆல் பெருக்கி, அதை இழைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 1.5ஆல் வகுக்க வேண்டும். இரண்டு பாத்திரம், ஓர் இடம், இரண்டு இழை என்றால் 3 பெருக்கல் 750 என்பது 2,250, இரண்டால் பெருக்கினால் 4,500, 1.5ஆல் வகுத்தால் 3,000 சொல். ஆயிரம் சொல் கேட்கும் போட்டிக்கு ஐந்து பாத்திரமும் மூன்று இடமும் வைத்துக்கொண்டு திணறுபவருக்கு எங்கே வெட்டுவது என்பதை இது உடனே காட்டும். இந்த எண்கள் ஆங்கிலச் சொற்களுக்கானவை என்பது நினைவில் இருக்கட்டும். 'வந்துகொண்டிருந்தவனிடமிருந்து' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் வேண்டும். எனவே தமிழில் 750 என்ற பெருக்கியைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை, முடித்த நான்கைந்து கதைகளில் இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டு அவரவர் நடைக்கேற்பக் கண்டுகொள்வதே சரி.

கடைசி இரண்டு உரைகள் பதிப்புத் தொழில் பற்றியவை. அவை முழுக்க அமெரிக்க ஆங்கிலச் சந்தைக்கானவை, ஆனால் ஒப்பந்தத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டுவதில் இவற்றுக்கு ஈடில்லை. அங்கே பெரிய பதிப்பகங்களில் கெட்டி அட்டைப் பதிப்புக்கு வழக்கமான ராயல்டி (நூலின் விலையில் ஆசிரியருக்குச் சேரும் பங்கு), முதல் 5,000 பிரதிக்கு 10 சதவீதம், அடுத்த 5,000க்கு 12.5, அதற்கு மேல் 15. விலை 25 டாலர் என்றால் முதல் ஐயாயிரத்தில் 12,500 டாலர், அடுத்த ஐயாயிரத்தில் 15,625 டாலர், ஆக 10,000 பிரதிக்கு 28,125 டாலர். எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசும் ஏஜென்ட்டின் 15 சதவீதம் போனால் கையில் 23,906 டாலர், வரி தனி. 10,000 டாலர் முன்பணம் வாங்கியிருந்தால் அது நாலாயிரமாவது பிரதியில் கழியும். அதுவரை ராயல்டியாகப் புதிதாக ஒன்றும் வராது. முன்பணம் கூடுதல் பணம் என்று நினைப்பவர்கள் இடறுவது இங்கேதான்.

மின்னூலில் பதிப்பகம் தனக்கு வந்து சேரும் தொகையில் 25 சதவீதம் தரும். 9.99 டாலர் நூலில் கடையின் பங்கு போகப் பதிப்பகத்துக்கு 7 டாலர் வந்தால் ஆசிரியருக்கு 1.75. அமேசானில் தானே வெளியிட்டால் 2.99 முதல் 9.99 டாலர் வரையிலான விலைக்கு 70 சதவீதம், அந்த வரம்புக்கு வெளியே 35. எனவே 4.99 டாலர் நூலில் சுமார் 3.49 கிடைக்கும், கோப்பின் அளவைப் பொறுத்து ஒரு சிறு தொகை அதிலும் கழியும். ஒரு பிரதிக்குக் கிடைப்பது இரண்டு மடங்கு என்றாலும் அட்டைப்படம், மெய்ப்பு, விளம்பரம் எல்லாம் எழுத்தாளர் தலையில் விழும் என்பதை சாண்டர்சன் மறைப்பதில்லை.

2022 மார்ச்சில், மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் அவர் நடத்திய திரட்டலைப் பார்த்து இந்தத் தொழிலைக் கணக்கிடக் கூடாது. நான்கு நாவல்களுக்காக 30 நாளில் 1,85,341 பேர் 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தத் தளத்தில் அதுவரை யாரும் அவ்வளவு திரட்டியதில்லை. அதற்குப் பின்னால் 17 ஆண்டு வாசகர் உறவும், கிடங்கு வைத்துப் புத்தகம் அனுப்பும் அவருடைய சொந்த நிறுவனமும் இருந்தன. 2020 உரைகள் இதற்கு முந்தியவை என்பதால், வணிகப் பகுதிக்கு மட்டும் 2025 தொகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறைகளில் பெரியது, மொழிநடை பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார் என்பது. வாக்கியத்தின் ஓசை, சொல் தேர்வு, பேச்சுவழக்கை உரையாடலில் எவ்வளவு விடுவது ஆகியவற்றுக்கு இங்கே விடை கிடைக்காது. ஒளிபுகும் கண்ணாடி போன்ற நடை அவருடைய விருப்பம், அவர் நாவல்களும் அப்படியே. நடைக்காகவே படிக்கப்படும் எழுத்தை எழுத விரும்புகிறவர் அதற்கு வேறு ஆசானைத் தேட வேண்டும். இரண்டாவது, கேள்வி-பதில் பகுதிகள் தரத்தில் ஏறி இறங்குகின்றன. பாத்திரம் பற்றிய கேள்வி-பதிலைத் தாண்டிப் போனாலும் பெரிய இழப்பில்லை. மூன்றாவது, வகுப்பின் மறுபாதியான பட்டறை இந்தப் பதிவில் இல்லை. சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவர் எழுத்தை மற்றவர்கள் விமர்சிப்பது அது. அதன் விதிகளை மட்டும் சொல்கிறார்: எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, வாசித்தவர் தனக்கு எங்கே சலித்தது, எங்கே குழம்பியது என்று சொல்ல வேண்டுமே தவிர இப்படி மாற்று என்று சொல்லக் கூடாது. நான்கு பேர் சேர்ந்தால் இதை எங்கும் நடத்தலாம். எழுதியவர் விளக்கம் சொல்லத் தொடங்கிய நிமிடத்திலேயே பட்டறை வாக்குவாதமாகிவிடும் என்பதால் முதல் விதியில் சலுகை காட்டக் கூடாது.

பார்க்கும் முறையிலும் ஒரு தவறு சகஜமாக நடக்கிறது: 13 உரைகளையும் தொடர்ச்சியாகப் பார்த்துவிட்டுப் பிறகு எழுத உட்காருவது. அப்போது எல்லா விதிகளும் ஒரே நேரத்தில் தலைக்குள் நின்று முதல் வரியையே தடுக்கும். வாரத்துக்கு ஓர் உரை, அடுத்ததற்கு முன் 2,000 சொல்லாவது எழுத்து என்ற வேகம் நன்றாகப் பொருந்தும். பேச்சு வேகமானது, அமெரிக்க உச்சரிப்பு. சிரமமாக இருந்தால் சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு முக்கால் வேகத்தில் ஓடவிடலாம். சிறுகதை மட்டும் எழுதுகிறவர் ஏழில் தொடங்கி நான்கு, ஒன்பது, பத்து என்று போனால் போதும். நாவல் பாதியில் நிற்கிறவர் மூன்றாம் உரையை முதலில் பார்த்து, நின்றுபோன நாவலின் முடிவை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே பட்டியலைத் தொடங்கலாம். இன்னும் ஒரு வரிகூட எழுதாதவருக்கு முதல் உரை மட்டும் போதும். இரண்டாவதற்கு முதல் அத்தியாயம் முடிந்த பிறகு வரலாம்.